எத்தனை வட்டு உயிரோடு இருக்கிறது?

என் தாத்தா மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேருக்குப் பேர் குறி போடுவார். மொத்தம் எத்தனை என்று கரும்பலகையிலும் எழுதுவார். அப்புறம் யாராவது காய்ச்சலோடு லயத்து வீட்டுக்குத் திரும்பினால் செக்ரோலைத் திருத்துவார்கள், பலகை அப்படியே இருக்கும். ஆளுக்கு ஒரு வரிசையென நிரை பிரிக்கும்போது ஒரு ஆள் குறையும். தாத்தா பலகையை நம்பமாட்டார், பேரைக் கூப்பிட்டுத்தான் எண்ணுவார்.

கணினியின் பல வட்டுகளைச் சேர்த்து ஒரே அடுக்காக நிர்வகிக்கும் என் சிறிய நிரலிலும் அப்படி ஒரு பலகை இருந்தது. 1988-இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் பெயரிட்டு விளக்கிய ரெய்டு (RAID) முறைதான் அந்த அடுக்கு: ஒரு வட்டு செத்தாலும் தரவு தப்பும்படி எழுதிவைப்பது. அதில் ஒரு வகையான ரெய்டு 5-இல் நான்கு வட்டுகள் என்றால், மூன்றில் 1011, 0110, 1100 என்று தரவு இருக்கும்போது நான்காவதில் 0001 எழுதப்படும். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரவேண்டும், அவ்வளவுதான் விதி. 0110 இருந்த வட்டு செத்தாலும் மற்ற மூன்றிலிருந்து அதை மீட்டுவிடலாம். இரண்டு வட்டு போனால் முடியாது. அதனால் இப்போது எத்தனை பழுது என்பதுதான் எல்லா முடிவுக்கும் அடிப்படை.

என் நிரலில் ஒவ்வொரு வட்டுக்கும் நலமா, பழுதா என்று ஒரு குறி இருந்தது. போதாதென்று ‘பழுது எண்ணிக்கை’ என ஒரு மாறியும் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) வைத்திருந்தேன். வட்டு செத்தால் ஒன்று கூட்டு, புது வட்டு நிரம்பினால் ஒன்று கழி. புது வட்டை நிரப்பும் மறுகட்டமைப்பின் நடுவில் அந்தப் புது வட்டும் செத்துப்போகும் பாதையில் இரண்டு முறை கழித்திருந்தேன். ஒரு வட்டு இறந்துகிடக்க, மாறி பூஜ்யம் என்றது. அந்த நிலையில் இன்னொரு வட்டைக் கழற்ற அனுமதி கேட்டால் நிரல் சரி என்றிருக்கும். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மாறியை உடனே வெட்டவில்லை. கேட்கும்போதெல்லாம் குறிகளை எண்ணிச் சொல்லும் செயற்கூறு (function) ஒன்றை எழுதி, மாறியோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் நிரல் நின்றுவிடும்படி செய்தேன். சோதனைகளை ஓட்டியதும் பிழை இருந்த வரி தானே காட்டிக்கொடுத்தது. அதன்பின் மாறியைப் படித்த இடத்திலெல்லாம் செயற்கூறை வைத்தேன். நான்கு குறிகளை எண்ணச் செயலிக்கு ஒரு நேரமும் ஆகாது.

பக்கத்திலேயே ‘பழைய வட்டு எண்ணிக்கை’ என்று இன்னொரு மாறி இருந்தது. அதையும் எடுக்கக் கை போனது. ஆனால் நான்கு வட்டு அடுக்கை ஐந்தாக விரிக்கும்போது, பாதி தரவு புது அமைப்பிலும் மீதி பழைய அமைப்பிலும் கிடக்கும். பழைய எண் தெரியாமல் மீதியைப் படிக்க முடியாது. இப்போதைய குறிகளை எண்ணி அதைப் பெறவும் முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் ரெய்டு 5 நிரலும் அதைத் தனியாகவே வைத்திருக்கிறது. அந்த மாறியை விட்டுவைத்தேன்.