கோட் அனலைசர்: தமிழ்ல என்னன்னு சொல்லலாம்?

கோட் அனலைசர்ங்கிறது நாம எழுதின கோட ஓட்டிப் பாக்காம, எழுதி வச்சிருக்கிறத மட்டும் படிச்சிட்டு "இங்க இது சரியில்ல, அங்க அது விதிக்கு ஒத்து வரல"ன்னு சொல்ற ஒரு மென்பொருள். சிங்கப்பூர்ல சின்ன கம்பெனிகளுக்கு ஸ்டாக், இன்வாய்ஸ், கணக்குன்னு ஆப் செஞ்சு குடுக்கிற நம்மாளுங்க இருக்காங்கல்ல, அவங்க வாயில அடிக்கடி வர்ற சொல் இது, ஏன்னா மைக்ரோசாஃப்டோட ஆப் கடையில (2025 வரைக்கும் ஆப்சோர்ஸ்னு பேரு, இப்போ மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்ப்ளேஸ்) பிசினஸ் சென்ட்ரல்ங்கிற கம்பெனிக் கணக்கு மென்பொருளுக்கு ஆப் போடணும்னாலும் சரி, சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனியோட ஆப்எக்ஸ்சேஞ்ச் கடையில போடணும்னாலும் சரி, இந்த வாசல தாண்டித்தான் போகணும்.

அனலைசர் கிரேக்கத்துலேருந்து வந்தது, மூலச் சொல்லுக்கு அர்த்தம் முடிச்ச அவுக்கிறது. ஆனா இந்த வேலைக்கு புரோகிராமர்ங்க வச்ச பழைய பேரு வேற, லிண்ட். 1978ல பெல் லேப்ஸ்ல ஸ்டீவன் ஜான்சன்ங்கிறவரு சி மொழிக்காக ஒரு கருவி எழுதி அதுக்கு இந்தப் பேர வச்சாரு. லிண்ட்னா துணியில ஒட்டிக்கிட்டு இருக்கிற பஞ்சுப் பிசிறு. கோட மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலர் ஒண்ணும் சொல்லாம விட்டுடும், சட்டையும் போட்டுக்கலாம்தான், ஆனா பிசிறு இருக்கு, அத பொறுக்கி எடுக்கணும், அதான் கணக்கு. இன்னிக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுறவங்க ஓட்டுற இஎஸ்லிண்டோட வால்ல தொங்குறதும் அதே பிசிறுதான்.

அனலைசருக்குப் பேரு வைக்கிறதுல மைக்ரோசாஃப்ட்காரங்களுக்கு மட்டும் போலீஸ் மேல ஒரு பிரியம் போல, காப்னா இங்கிலீஷ்ல போலீஸ்தானே. அவங்களோட டாட்நெட்ங்கிற புரோகிராமிங் தளத்துக்கு மொதல்ல எஃப்எக்ஸ்காப் வந்துச்சு, அப்புறம் ஸ்டைல்காப், இப்போ பிசினஸ் சென்ட்ரலுக்கு கோட்காப், யுஐகாப், ஆப்சோர்ஸ்காப்னு ஒரு ஸ்டேஷனே இருக்கு. மலாய்ல மாத்தான்னா கண்ணு, மாத்தா-மாத்தான்னா போலீஸ், அந்த வழியில போனா நமக்கு கண்காணிங்கிற சொல் சுலபமா கிடைச்சிடும். ஆனா எனக்கு அது வேணாம். அந்தச் சொல்லு கங்காணியாகி மலாயா தோட்டத்துல நம்ம ஜனங்கள மேய்ச்ச ஆளுக்குப் பேரா நின்னு, அப்படியே கங்கனின்னு இங்கிலீஷ்லயும் ஏறிடுச்சு, அத கொண்டு வந்து கோட் மேல உக்கார வைக்க மனசு வரல.

பொதுவா எல்லாரும் எழுதுறது பகுப்பாய்வி. கேக்க கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், ஆனா பிரிச்சுப் பாத்தா அருமையான சொல்லு. பகு, ஆய், கடைசியில கணினி, உலாவி, செயலில வர்ற அதே இ. பகுங்கிறது சும்மா அலங்காரம் இல்ல, இந்தக் கருவி மொதல்ல செய்றதே அதான்: கோட மரம் மாதிரி ஒரு அமைப்பா பிரிச்சிக்கும், இது டேபிள், இது ஃபீல்டு, இது ஃபங்ஷன் பேருன்னு. நன்னூல் வழியில ஒரு சொல்ல பகுதி, விகுதி, இடைநிலைன்னு பிரிச்சு பகுபத உறுப்பிலக்கணம் எழுதுவோமே, அதே காரியம்.

அடுத்தது ஆய். இத ஆராய்ச்சியோட சேத்தே பாத்துப் பழகிட்டோம், ஆனா வீட்ல கீரை ஆயுறதும் இதே ஆய்தான். தேக்கா மார்க்கெட்லேருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கியாந்து நியூஸ்பேப்பர்ல பரப்பி, பழுத்தது, காம்பு, புழு அரிச்சதெல்லாம் தள்ளிட்டு நல்லத மட்டும் எடுக்கிறோமே, அந்த ஆய். ஜான்சன் சொன்ன பிசிறு பொறுக்குறதுக்கு இத விட நெருக்கமா ஒரு வினை எனக்குத் தெரிஞ்சு இல்ல. அதனால நீட்டமா எழுதணும்னா நிரல் பகுப்பாய்வி, பேசும்போது ஆய்வி, இதான் என் ஓட்டு.

ஆய்வி எதத் தள்ளும்னு பாத்தாதான் சொல்லு நிக்கும். கோட்காப் சொல்றது பாதி சுத்தம் சம்பந்தப்பட்டது, அறிவிச்சிட்டு பயன்படுத்தாம விட்ட வேரியபிள், கூட்டல் குறிக்கு ரெண்டு பக்கமும் ஒரு இடைவெளி இல்லாதது, அந்த மாதிரி. ஆப்சோர்ஸ்காப் அப்படி இல்ல, அது வாடிக்கையாளர் டேட்டாவ காப்பாத்துற ஆளு. முந்தின வெர்ஷன பக்கத்துல வச்சிக்கிட்டு ஒப்பிடும், போன வெர்ஷன்ல வெளியிட்ட டேபிள இப்போ காணோமா, ஃபீல்டோட பேரோ வகையோ மாறிடுச்சான்னு, அப்படின்னா எரர்தான். ஏற்கெனவே நாலு கம்பெனி அந்த ஃபீல்டுல இன்வாய்ஸ் போட்டு வச்சிருக்கும், நீங்க பாட்டுக்கு எடுத்துட்டா அவங்க எங்க போவாங்க? எடுத்தே ஆகணும்னா மொதல்ல வழக்கொழியப் போகுதுன்னு குறிச்சு ஒரு வெர்ஷன் விடணும்.

இன்னொண்ணு அஃபிக்ஸ். மைக்ரோசாஃப்டோட டேபிள்ல நாம சேக்கிற ஃபீல்டு மாதிரி பேருங்களுக்கெல்லாம் முன்னாடியோ பின்னாடியோ குறைஞ்சது மூணு எழுத்து சேக்கணும், ரெண்டு கம்பெனி ஆப் ஒரே இடத்துல இன்ஸ்டால் ஆகும்போது பேரு மோதாம இருக்கத்தான். இதுக்கு புதுசா ஒண்ணும் தேட வேணாம், ஒட்டுன்னு இலக்கணத்துலயே இருக்கு, முன்னொட்டு, பின்னொட்டு. அனலைசர் எந்தெந்த விதிய பாக்கணும்னு சொல்ற ரூல்செட்ட விதித்தொகுப்புன்னு சொல்லிடலாம். மார்க்கெட்ப்ளேஸ்தான் கொஞ்சம் இடிக்குது, அங்காடின்னு சொன்னா இங்க நமக்கு உணவங்காடி நிலையமும் கோழிச்சோறும் கண்ணு முன்னாடி வந்து நிக்கும், இருந்தாலும் சந்தைய விட செயலி அங்காடி எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆய்வின்னு சொல்லிட்டு அத ஆடிட்டர் ரேஞ்சுக்கு நெனச்சிடக் கூடாது. சிங்கப்பூர்ல ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1ல 7லேருந்து 8 சதவீதமாச்சு, 2024 ஜனவரி 1ல 9 ஆச்சு. யாராச்சும் இன்வாய்ஸ் ஃபங்ஷன்ல 7ன்னு நேரா எழுதி வச்சிருந்தாங்கன்னா, இடைவெளி சரியா இருக்கு, ஒட்டு சரியா இருக்குன்னு இந்தக் காப்புங்க எல்லாம் பேசாம விட்டுடும், அதுங்களுக்கு வரித்துறை ஐராஸோட கணக்கு தெரியாது. அத கண்டுபிடிக்க கோட ஓட்டித்தான் பாக்கணும், அதுக்குப் பேரு சோதனை, அது வேற சொல்லு.