மைனஸ் மார்க்கை பிளஸ் ஆக்கியபோது

சுவிட்சர்லாந்தின் ஷ்பீஸ் நகரில் ஓர் அரசு ஆய்வகம் இருக்கிறது. அணு, உயிரி, வேதி ஆயுதங்களிலிருந்து நாட்டைக் காப்பது அதன் வேலை. அது நடத்திய ஒரு கருத்தரங்குக்கு, அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள ‘கொலாபரேஷன்ஸ் பார்மசூட்டிக்கல்ஸ்’ என்ற சிறிய மருந்து நிறுவனத்தைப் பேச அழைத்தார்கள். மருந்து தேடும் செயற்கை நுண்ணறிவைக் கெட்ட வேலைக்குப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் தலைப்பு. பல வருடங்களாக இந்தத் துறையில் இருந்தும் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை என்று அவர்களே பின்னர் எழுதினார்கள். சரி, செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினார்கள்.

அவர்களிடம் இருந்த மென்பொருளின் பெயர் மெகாசின். அணுக்கள் எப்படியெல்லாம் சேரும் என்பதைப் பொதுத் தரவுத்தளத்திலுள்ள மூலக்கூறுகளிலிருந்து கற்றுக்கொண்டு, இதுவரை இல்லாத மூலக்கூறுகளை அது வரையும். ஒவ்வொன்றுக்கும் வேறு சில கணிப்பு நிரல்கள் மதிப்பெண் போடும். நோயோடு தொடர்புள்ள புரதத்தின் மேல் வேலை செய்யுமென்றால் கூட்டல். நச்சு என்றால், நீட் தேர்வில் தப்பான விடைக்குக் குறைப்பதுபோலக் கழித்தல். அதிக மதிப்பெண் வாங்கியவற்றின் சாயலில் அடுத்த சுற்று வரையப்படும். இப்படியே சுற்று சுற்றாக நல்ல மருந்தை நோக்கி நகரும்.

அந்தக் கழித்தலைக் கூட்டலாக மாற்றினார்கள். இலக்கு, விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சைப் போன்ற மூலக்கூறுகள். தசையைச் சுருங்கச் சொல்ல நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடும். அதனால்தான் தசை மறுபடி தளர்கிறது. விஎக்ஸ் அந்த நொதியை முடக்கிவிடும். மூச்சுத் தசைகள் செயலிழந்து ஆள் இறந்துபோவார். சில உப்புத் துகள் அளவே போதும். 2017இல் கோலாலம்பூர் விமான நிலையத்தில், வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னோடு ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் கிம் ஜாங் நாம் கொல்லப்பட்டது இதனால்தான். ஆனால் அதே நொதியை அளவோடு தடுத்தால் அல்சைமர் நோயாளிக்கு மருந்து. டொனெபெசில் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே மெகாசினுக்குப் புதிய ரகசியத் தரவு எதுவும் தேவைப்படவில்லை, நரம்பு நோய் மருந்துக்காக வைத்திருந்ததே போதுமானதாக இருந்தது.

6 மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகள் வந்து விழுந்தன. பயிற்சித் தரவில் இல்லாத விஎக்ஸை அதுவாகவே வரைந்திருந்தது. அதைவிடக் கொடியவை என்று கணிக்கப்பட்ட புதியவையும் பட்டியலில் இருந்தன. இதை 2022இல் ‘நேச்சர் மெஷின் இன்டலிஜென்ஸ்’ இதழில் எழுதியபோது, செய்முறையின் முக்கிய விவரங்களை மறைத்துவிட்டார்கள். நல்ல முடிவு.

பட்டியல் கையில் இருந்தால் விஷம் கையில் இருப்பதாக ஆகாது. எல்லாமே கணிப்பு, பாதி உதவாதவையாகக்கூட இருக்கலாம். அவர்கள் எதையும் தயாரித்துப் பார்க்கவில்லை. தயாரிக்கத் தேர்ந்த வேதியியலாளர் வேண்டும், மூலப்பொருள் வேண்டும். 1997இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத ஒப்பந்தம் அந்த மூலப்பொருட்களைக் கண்காணிக்கிறது. இன்றைக்கு நம்மைக் காப்பது பெரும்பாலும் இந்தச் சிரமம்தான் என்பது என் கணிப்பு.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. கெட்ட நோக்கத்தோடு செய்யும் எந்த நஞ்சையும் ஒப்பந்தம் தடை செய்தாலும், அன்றாடக் கண்காணிப்பு அதிலுள்ள பெயர்ப் பட்டியல்களை வைத்துத்தான் நடக்கிறது. பிரிட்டனின் சாலிஸ்பரியில் 2018இல் நோவிசோக் என்ற நரம்பு நஞ்சு பயன்படுத்தப்பட்டது. அந்த வகை நஞ்சுகளைப் பட்டியலில் சேர்க்க நாடுகள் முடிவெடுத்தது 2019 நவம்பரில்தான். பட்டியலின் வேகம் அப்படி. மெகாசினுக்கு ஒரு ராத்திரிகூடத் தேவைப்படவில்லை.