மூளைக்குள் ஒரு கூடாரம்

தலையில் அடிபட்டு வந்தவரின் இமையைத் தூக்கி டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் பலரும் கவனித்திருப்போம். வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்மணிகளும் சட்டென்று சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் விரிந்தே நின்றுவிட்டால் அங்கே பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அந்தக் கண்மணிக்கும் மூளைக்குள் இருக்கும் ஒரு சவ்வுக்கும் தொடர்பு உண்டு.

மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று உறைகளில் வெளியே இருப்பது டியூரா. தோல் மாதிரி தடித்தது. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் இது சில இடங்களில் மடிந்து உள்ளே இறங்கித் தடுப்பாக நிற்கிறது. பெருமூளையின் வலது, இடது பாதிகளுக்கு நடுவே இறங்குவது ஃபால்க்ஸ். லத்தீனில் அரிவாள் என்று பொருள், வடிவமும் அதேதான். சிறுமூளைக்கு மேலே கூரை போட்டதுபோல விரிந்திருப்பது டென்டோரியம், அதாவது கூடாரம். பெருமூளையின் பின்பகுதி இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பூனைக்கு இந்தக் கூடாரம் எலும்பாகவே இருக்கும்.

இதை வைத்துத்தான் மருத்துவர்கள் மூளையை இரண்டு தளமாகப் பிரிக்கிறார்கள். மேலே பெருமூளையும் அதன் உள்ளே ஆழத்தில் இருக்கும் தலாமஸும். கீழே சிறுமூளை, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிகளான பான்ஸ், முகுளம். ஸ்கேனில் கட்டி தெரிந்தால், மேலா கீழா என்பதுதான் முதல் கேள்வி. பெரியவர்களுக்கு மேல்தளத்தில் வருவது அதிகம். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்திலும் நிறையவே வருகிறது. அங்கே இடமும் குறுகல், மூளைத் திரவம் வடிகிற பாதையும் அதுவே. சின்னக் கட்டி அடைத்தாலும் திரவம் தேங்கிவிடும். காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும் வரும்.

சரி, கண்மணிக்கு வருவோம். கூடாரத்தின் முன்பக்கம் ஒரு திறப்பு. அதன் வழியாக மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளை இறங்குகிறது. விளிம்பை ஒட்டியே கண்ணுக்குப் போகும் மூன்றாம் நரம்பு ஓடுகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. மேல்தளத்தில் ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறினால், மூளையின் பக்கவாட்டுப் பகுதியின் உள்ளோரம் அந்தத் திறப்புக்குள் பிதுங்கி நரம்பை நசுக்கும். கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பிலேயே இருப்பதால் முதல் அடி அவற்றுக்குத்தான். பெரும்பாலும் கசிவு இருக்கும் பக்கத்துக் கண்மணிதான் விரியும். அப்புறம் நடுமூளையும் நசுங்கி நினைவு தப்பும். அழுத்தம் இன்னும் கீழே இறங்கினால் மூச்சே தடுமாறும்.

தலைக்காயத்தோடு படுத்திருப்பவரை நடு ராத்திரியிலும் எழுப்பி, கண்ணில் டார்ச் அடித்து நர்ஸ் குறித்துக்கொண்டு போவது இதற்காகத்தான்.