கப்பல் வந்தது, பெட்டி வரவில்லை

2020 ஏப்ரல் நடுப்பகுதி. கொரோனா ஊரடங்கு போட்டு நாலாவது கிழமை. திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் வலைக்கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் தொலைபேசியில் பிடித்தார். "தம்பி, மொட்டை மாடியில நிண்டு பாக்கிறன். பிரிமாவுக்குக் கோதுமைக் கப்பல் வந்து நிக்குது. எங்கட பெட்டி மட்டும் ஏன் வரேல்ல?"

பிரிமா எங்கள் ஊர் மா ஆலை. அவர் கேட்டதில் பிழையில்லை. திருகோணமலையில் இருந்து பார்த்தவருக்கு உலக வர்த்தகம் நின்றுபோனதாகவே தெரியாது. நமது துறைமுகத்துக்கு வருவது பெரும்பாலும் மொத்தச் சரக்கு. கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர் என்று ஒரு முழுக் கப்பலையே ஒரே கம்பனி வாடகைக்குப் பிடித்துக் கொண்டுவரும். வந்தால் உறிஞ்சிக் களஞ்சியத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். ஆள் குறைவு, கடதாசி குறைவு. கொள்கலன், அதாவது நாங்கள் பெட்டி என்று சொல்வதை ஏற்றும் கப்பல் அப்படியல்ல. அது பஸ் மாதிரி. ஆயிரக்கணக்கான பேருடைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு துறைமுகமாகப் போகும். ஒரு தரிப்பிடத்தில் பிசகினால் அடுத்த எல்லா இடமும் பிசகும். அந்த பஸ் நமது ஊருக்கு வருவதுமில்லை. கொழும்பில் இறக்கி, ஹபரணை வழியாக லொறியில்தான் பெட்டி வரவேண்டும்.

ஐயாவின் பெட்டி அப்போது கொழும்பில் இறங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. சரக்கு சேதமில்லை, சுங்கம் பிடிக்கவில்லை. வராமல் இருந்தது பி.எல். என்று நாங்கள் சொல்லும் கப்பல் ஏற்றுச்சீட்டின் மூலப்பிரதி மட்டும்தான். அந்த மூன்று தாள்களும் சீனாவில் இருந்து கூரியரில் புறப்பட்டு, விமானங்கள் நின்றதால் எங்கோ ஒரு களஞ்சியத்தில் கிடந்தன. மூலப்பிரதியைக் கொடுக்காமல் கப்பல் கம்பனி, பெட்டியை விடச் சொல்லும் டி.ஓ. என்ற உத்தரவைத் தராது. டி.ஓ. இல்லாமல் பெட்டி துறைமுகத்தை விட்டு அசையாது.

துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் இந்தக் கிளியரிங் வேலைக்கு நான் வந்து இருபது வருடமாகிறது. அந்தப் பெட்டி விஷயத்தில் பாதிப் பிழை என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் கம்பனி தன் பெட்டியை எங்களுக்குச் சில நாட்களுக்குத்தான் இலவசமாகத் தருகிறது. ஐயாவின் சரக்குக்கு அது 7 நாள். அதற்குப் பிறகு நாள் கணக்கில் டொலர் ஓடும். முதல் சில நாட்களுக்கு ஒரு வீதம், அப்புறம் அதைவிடக் கூடிய வீதம். ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'டெமரேஜ்' என்று சொல்லிவிடுவோம். உண்மையில் துறைமுகம் தன் நிலத்துக்குக் கேட்கும் வாடகை வேறு, கப்பல் கம்பனி தன் பெட்டிக்குக் கேட்கும் காசு வேறு. ஒன்றில் சலுகை கிடைத்தது என்பதற்காக மற்றதிலும் கிடைக்கும் என்றில்லை. பெட்டி வெளியே வந்தபோது 31 நாள் ஆகியிருந்தது. 24 நாளுக்கான பில்லைப் பார்த்துவிட்டு ஐயா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணிதான் ஊற்றித் தந்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

தாளைக் கூரியரில் போடுமுன்பே, ஏற்றுமதிக்காரரிடம் சொல்லி மூலப்பிரதிகளை அங்கேயே கப்பல் கம்பனியிடம் ஒப்படைக்கச் செய்து, இங்கே மின்னஞ்சல் உத்தரவில் பெட்டியை எடுத்திருக்கலாம். 'டெலக்ஸ் ரிலீஸ்' என்று அதற்குப் பெயர். நம்பிக்கையான வியாபாரிகளுக்கிடையே வழமையாக நடப்பதுதான். ஆனால் பொதி கூரியரிடம் போய்ச் சேர்ந்தபின் அதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. தாள் கையைவிட்டுப் போகுமுன் அதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பெப்ரவரியிலேயே அந்தத் தொழிற்சாலை, சிவப்பு முத்திரை குத்திய ஒரு சான்றிதழை அனுப்பியிருந்தது. எதிர்பாராத பேரிடரால் சொன்ன திகதிக்குச் சரக்கு அனுப்ப முடியாது, பொறுப்பும் ஏற்க முடியாது என்று. சீனாவின் வர்த்தக மேம்பாட்டுச் சபை 2020 பெப்ரவரி தொடக்கத்தில் இருந்து இப்படி ஆயிரக்கணக்கில் கொடுத்தது. முத்திரையைக் கண்டதும் நமது ஆட்கள் பயந்துவிட்டார்கள். ஆங்கிலச் சட்ட வழியில் போகும் ஒப்பந்தங்களில் இந்தப் பாதுகாப்பு தானாக வராது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஐயாவிடம் இருந்தது, விற்பவர் முன்கூட்டி அனுப்பும் விலைச்சீட்டான ஒரு புரோஃபோமா இன்வொய்ஸும் வாட்ஸ்அப் உரையாடலும்தான். எங்கள் சிறு வியாபாரிகளில் பெரும்பாலானவர்களின் 'ஒப்பந்தம்' அதுதான்.

ஐயா வாங்கியது சி.ஐ.எஃப். விலையில். கப்பல் கூலியும் காப்புறுதியும் விற்பவர் தலையில். "அப்ப பிந்தினதுக்கு அவன்தானே பொறுப்பு?" என்றார். இல்லை. சி.ஐ.எஃப். என்றால் கூலி கட்டுபவர் விற்பவர்தான், ஆனால் சரக்கு அங்கே கப்பலில் ஏறிய கணத்தில் ஆபத்து வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. காப்புறுதியும் கைகொடுக்காது. சரக்குக் காப்புறுதியின் வழமையான வாசகங்களில், ஆகக் கூடிய பாதுகாப்புத் தரும் 'ஏ' வகையில்கூட, தாமதத்தால் வரும் நட்டம் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. சி.ஐ.எஃப்.இல் விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டதோ ஆகக் குறைந்த 'சி' வகைதான். இதைப் பெருந்தொற்று வந்தபிறகுதான் பலர் வாசித்தார்கள். சரி, நானும்தான் கவனமாக வாசித்தேன்.

ஏற்றுமதிப் பக்கமும் இதே கதைதான். கிண்ணியாவில் இருந்து காயவைத்த கடலட்டை அனுப்பும் ஒருவர், எல்.சி. வைத்து, அதாவது ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதத்தை வைத்து, வியாபாரம் செய்பவர். எல்.சி.யில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சரக்கு ஏற்றி 21 நாளுக்குள், அதுவும் எல்.சி. காலாவதியாகுமுன், ஆவணங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். அவருடைய வங்கிக் கிளை ஊரடங்கில் மூடிக்கிடந்தது. எல்.சி.யின் கடைசி நாளும் போய்விட்டது. திறந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்று நம்பியிருந்தார். சாதாரண விடுமுறையாக இருந்திருந்தால் அது சரி, அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். ஆனால் எல்.சி.களை ஆளும் யூ.சி.பி. 600 விதிகளின் 36ஆம் உறுப்பு, பேரிடரால் வங்கி மூடியிருந்த காலத்தில் காலாவதியான எல்.சி.க்கு வங்கி திறந்தபின்னும் பணம் தராது என்கிறது. இயற்கையாக நாம் நினைப்பதற்கு நேர்மாறு. கடைசியில் வாங்குபவர் விலையைக் குறைத்துக்கொண்டு ஆவணங்களை ஏற்றார். மூடப்போகிறார்கள் என்று வாடை அடித்த அன்றே காலநீடிப்புக் கேட்டிருந்தால் அந்தக் காசு நின்றிருக்கும்.

எங்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் சூரை மீனின் கதை வேறு. பச்சை மீன் கட்டுநாயக்காவில் இருந்து விமானத்தில் போவது. உலக விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி, பயணிகள் விமானங்களின் வயிற்றில்தான் போகிறது. பயணிகள் நின்றதும் அந்த இடமும் இல்லாமல்போய், கூலி எகிறியது. அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியபோது உள்ளூரிலும் மீனை வாங்க ஆளில்லை. மீன் பாதுகாப்பானது என்று காட்ட முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துச் சாப்பிட்டார். நாங்கள் சிரித்தோம். கொட்பேயில் படகு வைத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.

2020 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பு, அந்த ஆண்டு உலகப் பொருள் வர்த்தகம் 13 முதல் 32 சதவீதம் வரை விழலாம் என்று மதிப்பிட்டது. விழுந்தது ஏறத்தாழ 5 சதவீதம்தான். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் அடைபட்ட அமெரிக்கர்கள் பொருட்களை வாங்கிக் குவிக்க, பெட்டிகள் எல்லாம் அங்கே போய்த் தேங்கின. ஆசியாவில் வெறும் பெட்டிக்குப் பஞ்சம். ஊருக்குத் திரும்ப முடியாமல் கப்பல்களில் ஒப்பந்தம் முடிந்தும் சிக்கிக்கிடந்த மாலுமிகள் மட்டும் ஒரு கட்டத்தில் 4 லட்சம் பேர். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கொள்கலன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி நின்றது. ஆகஸ்டில் சீனாவின் நிங்போ துறைமுகத்தில் ஒரே ஒரு தொழிலாளிக்குத் தொற்று என்று ஒரு முனையத்தையே இரண்டு கிழமையளவு மூடினார்கள். கப்பல் கூலியைக் கணக்கிடும் டுரூரி குறியீட்டில் 2019இல் சராசரியாக 1,420 டொலராக இருந்த 40 அடிப் பெட்டியின் கூலி, 2021 செப்டம்பரில் 10,000 டொலரைத் தாண்டியது. ஒரு பெட்டி பிளாஸ்டிக் வாளி கொண்டுவருபவருக்கு வாளியின் விலையைவிடக் கூலி கூட.

எங்களுக்கு அதற்குமேல் இன்னொரு அடி. சுற்றுலா போய் டொலர் வற்ற, அரசு இறக்குமதிகளை நிறுத்தத் தொடங்கியது. முதலில் வாகனம், அப்புறம் வேறு பல பொருட்கள். கிருமி வரக்கூடாது என்று வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மஞ்சளுக்குத் தடை! 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, சரக்கு வந்தும் வங்கியில் டொலர் கிடைக்காமல் உணவுப் பெட்டிகள் கொழும்பில் காத்துக்கிடந்தன. அந்தப் பெட்டிகளுக்கும் நாள் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது சரக்கின் விலையை அல்ல. பி.எல். எந்த வழியால் வரும், இலவச நாள் எத்தனை, பிந்தினால் யார் கட்டுவது, இவை எழுத்தில் இருக்கிறதா. வாட்ஸ்அப்பில் இருந்தாலும் பரவாயில்லை, ஒரே இடத்தில், இரண்டு பக்கமும் 'சரி' என்று போட்டிருக்க வேண்டும். விமானம் நிற்கும் அளவுக்கு எதுவும் நடக்காவிட்டாலும், ஒரு வேலைநிறுத்தம், ஒரு புயல் போதும் அந்த நாட்களைத் தின்பதற்கு.

இலவச நாட்களைக் கூட்டிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 7 நாளை 14 ஆக்கித் தரச் சொல்லி, பெட்டியைப் பதிவு செய்யுமுன் ஏற்றுமதிக்காரர் மூலம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், அவர்களுக்கு அப்போது சரக்கு வேண்டும். கப்பல் புறப்பட்டபிறகு கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதிலே வராது. வலைக்கடை ஐயா போன மாதம் 21 நாள் வாங்கியிருக்கிறார். எனக்கே அவ்வளவு கிடைத்ததில்லை.