டாஷ்போர்டு: முகப்புப் பலகையா, கருவிப் பலகையா?

டாஷ்போர்டு குதிரை வண்டிக் காலத்துச் சொல். ஆங்கிலத்தில் ‘டாஷ்’ என்றால் மோதித் தெறிப்பது. குதிரை ஓடும்போது குளம்படியில் கிளம்பும் சேறும் கல்லும் வண்டியோட்டியின் மேல் படாமல் இருக்க, அவர் கால்களுக்கு முன்னால் மரத்தாலோ தோலாலோ ஒரு மறைப்பு வைத்தார்கள். அந்தத் தெறிப்புத் தடுப்புதான் டாஷ்போர்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் வழங்கியது.

தொடக்கக் காலக் கார்களைக் குதிரை இல்லாத வண்டிகளாகவே செய்தார்கள். அதனால் பலகையும் கூடவே வந்துவிட்டது. 1901இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் காருக்கு ‘கர்வ்டு டாஷ்’ என்றே பெயர். முன்னால் வளைந்து நிற்கும் பலகைதான் காரணம். அந்தக் காரில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருந்தது. அப்புறம் எஞ்சின் முன்பக்கம் போனது. அதன் சூடும் எண்ணெயும் ஓட்டுநர் பக்கம் வராமல் தடுக்கும் சுவராகப் பலகை மாறியது. வேகம், எண்ணெய் அழுத்தம் போன்றவற்றைக் காட்டும் வட்டக் கருவிகளைப் பொருத்த வேண்டிய நிலை வந்தபோது, ஓட்டுநர் கண்ணெதிரே தயாராக இருந்த இடமும் அதுதான். சேற்றோடு இருந்த தொடர்பு விட்டுப்போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் இன்னும் கொஞ்சம் பரவி நிற்கிறது. ஸ்டீயரிங்கிலிருந்து மறுபக்கக் கதவு வரை உள்ள முழு அமைப்பையும் டாஷ்போர்டு என்கிறோம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் முள்ளும் எண்ணும் தெரியும் பகுதியையும் அப்படியே சொல்கிறோம். “வண்டிக் காகிதம் டாஷ்போர்டில் இருக்கிறது” என்றால் சாமான் வைக்கும் பெட்டி! இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் குழப்பம். முழு அமைப்புக்கு முகப்புப் பலகை, அளவு காட்டும் பகுதிக்குக் கருவிப் பலகை என்று பிரித்துச் சொன்னால் தெளிவு கிடைக்கும். பணிமனைகளில் ‘மீட்டர்’, ‘க்ளஸ்டர்’ என்று சொல்வது இந்தக் கருவிப் பலகையைத்தான்.

கருவிப் பலகையின் தலைமைக் கருவி ஸ்பீடோமீட்டர், அதாவது வேகமானி. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற முறைதான் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் ஓடியது. கியர்பெட்டியிலிருந்து வளையும் கேபிள் ஒன்று கருவி வரை வரும். வண்டி ஓட ஓட அதன் உள்ளிருக்கும் கம்பி சுழன்று, ஒரு சிறு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அவை கிண்ணத்தையும் காந்தத்தோடு திருப்பப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதை எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு விசையும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்கும். அதன் அச்சில் பொருத்திய முள் காட்டுவதுதான் வேகம். வண்டி நின்றால் வில் முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். கணினி இல்லை, மின்கலம்கூட வேண்டாம். எத்தனை அழகான ஏற்பாடு!

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கருவி தானே அளந்தது, தானே காட்டியது. ‘மானி’ என்ற ஈறு, அளப்பது என்ற பொருளில், அதற்கு முழுமையாகப் பொருந்தியது. இன்றைய கார்களில் அளப்பது வேறோர் இடம். சக்கரத்தருகே உள்ள உணரி (சென்சார்), பல் வைத்த வளையம் சுழல்வதைத் துடிப்புகளாக எண்ணும். கட்டுப்பாட்டுக் கணினி அதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ போன்ற தகவல் தடத்தில் அனுப்பும். கண்ணெதிரே இருக்கும் முள்ளைத் திருப்புவது ஒரு சிறு மோட்டார். முள்ளே இல்லாவிட்டால் திரை படம் வரையும். கருவிப் பலகைக்கு இப்போது காட்டும் வேலை மட்டும்தான். கறாராகச் சொன்னால் அது ‘வேகங்காட்டி’. ஆனாலும் வேகமானி நன்றாக ஊன்றிய சொல், அதை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து.

காட்டும் வேகம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் தற்செயல் அல்ல. ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும் காரில் 114 வரை காட்டினாலும் விதிக்குள்தான்.

ஓடோமீட்டரில் ‘ஓடு’ என்ற தமிழ் வேர் இருப்பதுபோல் காதில் விழும். அது கிரேக்கத்தின் ‘ஹோடோஸ்’, வழி என்று பொருள். தமிழில் தொலைவுமானி. டேக்கோமீட்டரின் வேர்ச்சொல்லுக்கு வேகம் என்று பொருள், ஆனால் அது சொல்வது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை. ஆகவே சுழற்சிமானி என்ற தமிழ்ப் பெயர் மூலத்தைவிடச் சரியானது.

திரைகள் திடீரென்று வந்தவை அல்ல. 1976இல் காட்டப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டாவில் ஒளிரும் எண்கள் இருந்தன. 2014இல் அறிமுகமான ஆடி டிடி காரில் 12.3 அங்குலத் திரையே முழுக் கருவிப் பலகையானது. அதிலும் வட்டத்தையும் முள்ளையும் வரைந்தே காட்டினார்கள். எண்ணைப் படிக்க வேண்டும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஓரப்பார்வையிலேயே தெரிந்துவிடும். 2017இல் வந்த டெஸ்லா மாடல் 3 கருவிப் பலகையையே நீக்கி, வேகத்தை நடுத்திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. வேகம் பார்க்கக் கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரையில் இன்னொரு சிக்கல்: சிவப்பு பிரேக் எச்சரிக்கைக்குத் தனி விளக்கு இருந்தபோது, அது எரிகிறதா என்று சாவி திருப்பியதும் பார்த்துவிடலாம். திரை உறைந்துபோனால்? இதற்காகவே திரையை இயக்கும் இன்றைய மின்னணுச் சில்லுகள் பலவற்றில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. எச்சரிக்கைக் குறி வரைய வேண்டிய இடத்தில் உண்மையிலேயே எந்தப் புள்ளிகள் வரையப்பட்டன என்று கணக்கிட்டு, இருக்க வேண்டிய விடையோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பிழை என்று அறிந்து மாற்று வழிக்குப் போகும்.

பலகையைப் பார்க்காமலேயே வேகத்தை அறியும் வழியும் உண்டு. 1988இல் ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ் சுப்ரீம் காரில் வந்த ‘ஹெட்-அப் டிஸ்ப்ளே’ வேகத்தை முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்டியது. பிம்பம் சில மீட்டர் முன்னால் மிதப்பதுபோல் தெரிவதால், சாலையிலிருந்து கண்ணைத் தாழ்த்த வேண்டாம், பார்வைக் குவியத்தையும் பெரிதாக மாற்ற வேண்டாம். இதைச் சொல்லுக்குச் சொல் ‘தலைநிமிர் காட்சி’ என்று பெயர்ப்பதைவிட, கண்ணெதிர்க் காட்சி என்பதே பொருத்தம். இதற்கு முகப்புப் பலகை, கருவிப் பலகை இரண்டுமே ஆகாது.