ரேச்சலுக்கு அதைச் சொன்னது யார்?

பவுலா ஹாக்கின்ஸ் எழுதிய ‘த கேர்ள் ஒன் த ட்ரெயின்’ நாவலை வாசிக்க எண்ணியிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைத் தொடாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

நான் வெள்ளவத்தையில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். 2015இல் வந்த இந்த நாவலை வாசித்தவர்கள் பலர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: ரேச்சலைச் சகிக்க முடியவில்லை. சரி, அவள் அப்படித்தான் தெரிகிறாள். வேலை போன பிறகும் அது வீட்டில் கூட இருப்பவளுக்குத் தெரியக்கூடாது என்று தினமும் காலை 8.04 ரயிலில் லண்டனுக்குப் போய்வருகிறாள், குடிக்கிறாள், விவாகரத்தாகிப் போன கணவன் டொமுக்கு இரவில் கோல் எடுக்கிறாள், விடிந்தால் எதுவும் ஞாபகம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணம் முறிந்த காலத்து இரவுகளில் தான் என்னென்ன செய்தாள் என்று ரேச்சலுக்குத் தெரிந்தது எல்லாம் டொம் சொல்லித்தான் தெரியும். வெறியில் கோல்ஃப் மட்டையை எடுத்துக்கொண்டு அவனை அடிக்க வந்தாளாம். அவளும் நம்பி வெட்கப்படுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், அந்த வெட்கத்தை மறக்க இன்னும் குடிக்கிறாள். அப்புறம் ஒரு இடத்தில் அவளுக்கே உறைக்கிறது: அந்த இரவை நினைத்தால் கோபம் வரவில்லை, பயம்தான் வருகிறது. அடிக்கப் போனவளுக்கு ஏன் பயம்? மட்டையை ஓங்கியது டொம். என் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசிப்பார்கள்.

அளவுக்கு மீறிக் குடித்தால் மூளையின் ஹிப்போகாம்பஸ் புது ஞாபகங்களைப் பதிவதை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், கதைப்பார், சண்டையும் பிடிப்பார், பதிவு மட்டும் இருக்காது. அரைகுறையாகப் பதிந்தது ஏதாவது ஒரு தூண்டுதலில் திரும்பலாம், அறவே பதியாதது பொதுவாகத் திரும்பி வராது. நாவல் இந்த இடத்தில் கொஞ்சம் தாராளமாகத்தான் நடந்துகொள்கிறது, ரேச்சலுக்குத் தேவையான நேரத்தில் தேவையானது ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் வெற்றிடத்தை இன்னொருவர் வந்து நிரப்புவது கற்பனை இல்லை.

இரண்டாவது மனைவி அனாவும் இதே வலைக்குள்தான். ரேச்சலைக் கண்டு அஞ்ச அவளுக்குக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் அந்த முதல் கல்யாணத்தின் கதையை அவளுக்குச் சொன்னவனும் டொம்தான்.

இதற்குக் குடி வேண்டும் என்றில்லை. கைக்குழந்தையோடு மாதக்கணக்காகத் தூக்கம் இல்லாத ஒரு தாய் (ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்) ஒரு சீஆர் கொப்பியோடு வந்தார். ‘9.40, கேஸ் அடுப்பு நிப்பாட்டினேன்.’ ‘10.15, திரும்பப் பார்த்தேன்.’ பக்கம் பக்கமாக இப்படி. "மிஸ், எனக்கு மறதி வருத்தமா? நான் அடுப்பை எரியவிட்டுட்டுப் போறேன் எண்டு அவர் ஒவ்வொரு நாளும் சொல்றார்."

மறதிக்கு மருத்துவக் காரணம் உண்டா என்று முதலில் டொக்டரிடம் அனுப்பினேன், அதைச் செய்யாமல் யாரும் கணவனைச் சந்தேகிக்கக் கூடாது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி உதை மட்டுமல்ல, பாரதூரமான உணர்வுரீதியான துன்புறுத்தலும் அடங்கும், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு அது தூரத்து விஷயமாக இருந்தது. உங்களுக்கு அவசரம் என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

கொப்பியில் நடுவே ஒரு கோடு போடச் சொன்னேன், இடப்பக்கம் ‘நான் கண்டது’, வலப்பக்கம் ‘அவர் சொன்னது’. அடுத்த கிழமை கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். வலப்பக்கத்தில் ஏழு தரம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்தில் ஒரு தரம்கூட இல்லை.