மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து தொடங்கும் ஆங்கில வகுப்பு

சிறப்புக் கல்வி பி.எட். மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். விடுப்புக் கடிதம், கட்டுரை, இலக்கணப் பயிற்சி என்றே அவர்களுக்கு ஆங்கிலம் பழக்கம். வேலைக்குப் போனதும் கைக்கு வருவதோ ஒரு குழந்தையின் மதிப்பீட்டு அறிக்கை. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

'வெர்பல் பிராம்ப்ட்' கொடுத்தால் சட்டை போடுவான் என்று அதில் இருந்தால், வாயால் சொன்னாலே போதும். 'பிசிகல் பிராம்ப்ட்' என்றால் கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டும். இவை இரண்டும் குழம்பினால், சொன்னதும் செய்யக்கூடிய பிள்ளைக்கு வருடம் முழுக்கக் கை பிடித்துக்கொண்டிருப்போம். ஆசிரியருக்கு ஆங்கிலம் புரியாததன் விலையைக் குழந்தை கொடுக்கிறது.

அதனால் பாடத்தை, மாணவர்கள் செய்து முடிக்க வேண்டிய பணிகளிலிருந்தே அமைக்கிறேன். இந்த வழி நம் பக்கத்தில் பிறந்ததுதான். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து யோசிக்க வைத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானே படியும் என்று நம்பினார். அட்டவணையின் இடத்தில் நான் அறிக்கையை வைக்கிறேன். மாதிரி அறிக்கைகளை நானே எழுதிவிடுவேன். உண்மையான குழந்தையின் தாள் வகுப்பில் சுற்றக் கூடாது.

முதலில் எல்லோருமாக ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். வயது 8, சோஷியல் ஏஜ் (அன்றாடச் செயல்களில் எந்த வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கிறான் என்பது) 4 என்றால் எஸ்.க்யூ. (சோஷியல் ஏஜை வயதால் வகுத்து நூறால் பெருக்கிய எண்) 50 எப்படி வந்தது? அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். ஒருவரிடம் அறிக்கை, மற்றவரிடம் அம்மா சொன்ன தகவல்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டே இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை வைத்து ஐ.இ.பி. (அந்தக் குழந்தைக்கென்றே போடும் தனிக் கல்வித் திட்டம்) இலக்கு எழுதுவார்கள். 'வாசிப்பு மேம்படும்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். '10 சொல் அட்டைகளில் 8-ஐ உதவியின்றி வாசிப்பாள்' என்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதத் திணறும் நேரத்தில்தான் இலக்கணம் சொல்லித் தருகிறேன்.

கடைசிப் பணி தமிழில். பெற்றோராக நடிப்பவர், "என் பையன் பேசுவானா மிஸ்?" என்று கேட்பார். கலைச்சொல் எதுவும் போடாமல், பொய் நம்பிக்கையும் தராமல் பதில் சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அந்த அம்மாவிடம் தமிழில் பேசுவதுதானே இவர்கள் வேலை!

தேர்வும் இப்படித்தான் இருக்க வேண்டும்: பார்க்காத ஓர் அறிக்கை, எழுத இரண்டு இலக்குகள், ஒரு பெற்றோர் உரையாடல். எழுத்துப்பிழைக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. 'உதவியோடு' என்பது 'உதவியின்றி' என்று மாறிப்போயிருந்தால் குறைப்பேன்.